மன்றப் பொருளின் இலக்கணம்

1. நூற்பொருள்

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதுவானாலும், மன்றம் கூடுவதற்கு முன் உறுப்பினர் வீட்டுக்கு ஒரு காகிதக் கட்டு வந்துசேரும். அலுவலக வழக்கில் அதற்கு அஜெண்டா என்று பெயர், ஏட்டில் கூட்டப்பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணின் கீழே அலுவலகக் குறிப்பு, கடைசியில் ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்ற முடிப்பு. இந்தக் கட்டை எப்படி எழுத வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும், யார் கையில் கொடுக்க வேண்டும், வாங்கியவர் அதை என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆராய்வதற்குத் தக்க பொருள்தான் இது. சாலை, வடிகால், தெருவிளக்கு, குப்பைக் கிடங்கு, சந்தைக் குத்தகை, பள்ளிக் கட்டடம், மயானம் என்று ஊரார் அன்றாடம் தொட்டுப் புழங்கும் எல்லாமே இந்தக் கட்டின் வழியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. கூட்டத்தில் பொருள்கள் மளமளவென்று வாசிக்கப்பட்டு ‘ஆல் பாஸ்’ ஆகின்றன. மறுவாரம் தெருவில் ஜே.சி.பி. நிற்கிறது. எத்தனை அடி ஆழம், எத்தனை நாள், எங்கள் வீட்டுக் குழாய் என்னாகும் என்று மக்கள் கவுன்சிலரைத்தான் கேட்கிறார்கள். ஒப்புதல் கொடுத்தவர் அவர். அவருக்கே விவரம் தெரிவதில்லை.

என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் தூக்கிய கை சம்மதம் ஆகாது. உறுப்பினருக்கு விவரம் தெரிவிப்பது அவருடைய வாக்குரிமையில் அடங்கியது. விவரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வாக்கை மட்டும் கேட்டால், அவருக்கு வாக்களித்து அனுப்பிய வார்டு மக்கள் அத்தனை பேரும் மன்றத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள்.

2. மரபு

சபைக்கு விவரம் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பழைய சான்று உத்திரமேரூரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளை ஒட்டிப் பொறித்த கல்வெட்டுகள் அவை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்த ஊர்ச் சபையில் இடம். உழுதவருக்கும் பெண்ணுக்கும் அங்கே குரல் இல்லை என்பதால் அதை மக்களாட்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பற்றி அந்தக் கல்வெட்டுகள் வகுத்த விதி இன்றைக்கும் கூர்மையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதி இழந்தார்கள். ஊர்க்கணக்கு எழுதியவர் தாம் எழுதிய கணக்கைத் தாமே வந்து ஒப்படைக்க வேண்டும். இன்னொரு கணக்கர் வந்து அதை முடித்துவைக்கக் கூடாது. விவரம் அறிந்தவரே சபை முன் வந்து சொல்ல வேண்டும் என்ற நெறியை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. அதன் வரலாற்றில் தகவல் நிறைந்த தீர்மானத்துக்கு ஒரு நல்ல உதாரணம் 1920-இல் கிடைக்கிறது. பி. தியாகராய செட்டியார் தலைவராக இருந்த மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுக்க அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று தீர்மானம் போட்டது. எந்தப் பள்ளி, யாருக்கு, எவ்வளவு செலவு என்ற மூன்றுக்கும் அதில் விடை இருந்தது: ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல். எதற்குக் கை தூக்குகிறோம் என்பது அங்கிருந்த உறுப்பினருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் ஒரு மாநிலத்தையே தழுவிய சத்துணவுக்கு அது முன்னோடி ஆயிற்று.

மன்றமே இல்லாத காலங்களும் இந்த வரலாற்றில் உண்டு. மஸ்டர் ரோல் (கூலியாள் வருகைப் பதிவேடு) ஊழலை அடுத்து 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாமன்றத்துக்கு 1996 வரை தேர்தல் நடக்கவில்லை. மீண்டும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. இடையில் தனி அலுவலர் ஆட்சி. சென்னையில் ஆணையரே தனி அலுவலர். பொருளை முன்வைத்தவரே ஒப்புதலும் கொடுத்தார். கொசஸ்தலையாறு வடிநிலத்தில் மழைநீர் வடிகால் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 25.1 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் 2021 நவம்பரில் கையெழுத்தானது. அப்போது கேள்வி கேட்கச் சென்னையில் ஒரு கவுன்சிலரும் இல்லை. தெற்கே கோவளம் வடிநிலத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதி மக்கள் ‘இது மணற்பாங்கான தரை, மழையை மண்ணே குடித்துவிடும், இங்கே எதற்குக் கான்கிரீட் வடிகால்?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி மன்றத்தில் எழ வழியில்லாததால் தெருவுக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போயிற்று.

இத்தகைய இடைவெளிகளால் அலுவலகத்துக்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. யாருக்கும் விளக்க வேண்டியிராமல் ஐந்தாண்டு எழுதிய கை, மன்றம் வந்த பிறகும் அப்படியே எழுதுகிறது. 2022 தேர்தலில் மாநிலத்தின் 21 மாநகராட்சிகளுக்கு மட்டும் 1,374 வார்டுகள். வென்றவர்களில் பலர் முதல்முறை மன்றம் ஏறியவர்கள். காகிதம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

3. குற்றங்கள்

நூலுக்கு வரும் குற்றம் பத்து என்று பவணந்தியார் நன்னூலில் வகுத்தார். மன்றப் பொருளும் ஒரு நூலே. அதை நம்பி நகரம் நடக்கிறது என்பதால் அந்த அளவுகோல் இதற்கும் பொருந்தும். பத்தில் ஆறு குற்றங்களை நம் மன்றங்களில் தெளிவாகக் காணலாம்.

முதலாவது குன்றக் கூறல். ‘மண்டலத்துக்கு உட்பட்ட பல்வேறு தெருக்களில் சாலை சீரமைத்தல்’ என்று எழுதித் தெருப்பட்டியலை இணைக்காமல் விடுவது. பட்டியல் இல்லாவிட்டால் தன் தெரு அதில் சேர்ந்ததா என்று கவுன்சிலருக்குத் தெரியாது. போட்ட சாலையைப் பிறகு சரிபார்க்கவும் முடியாது.

இரண்டாவது மிகைபடக் கூறல். கூட்டத்துக்கு முதல்நாள் இரவு நூற்றுக்கணக்கான பக்கக் கட்டைக் கொடுப்பது. அரசாணை நகல், பழைய கடிதம், ஒப்பந்தப் படிவம் எல்லாம் சேர்ந்திருக்கும். தேவையான ஒரு தொகை நடுவில் எங்கோ புதைந்திருக்கும். கொடுத்தாயிற்று என்று அலுவலகம் சொல்லிக்கொள்ளலாம். உறுப்பினர் அறிந்தது ஒன்றுமில்லை.

மூன்றாவது மாறுகொளக் கூறல். தலைப்பில் ஒரு மதிப்பீடு, இணைப்பில் இன்னொரு கூட்டுத்தொகை. நான்காவது மயங்க வைத்தல். தெருவிளக்குப் பராமரிப்பு என்ற பொருளுக்குள்ளேயே கட்டண உயர்வு ஒன்றைச் சேர்த்து, ஒரே எண்ணில் இரண்டுக்கும் அனுமதி கேட்பது.

ஐந்தாவது சென்று தேய்ந்து இறுதல். திட்டத்தின் தோற்றம், கடிதப் போக்குவரத்து, கருத்துரு அனுப்பிய தேதி என்று மூன்று பக்கம் விரிவாக ஓடும் குறிப்பு, பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது, கட்டிய பிறகு பராமரிக்கப்போவது யார் என்ற இடம் வந்ததும் ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஆறாவது நின்று பயனின்மை. வேலை முடிந்து, எம்-புக்கில் (அளவுப் பதிவேட்டில்) அளவு ஏறி, பில்லும் பாஸான பிறகு ‘பின்னேற்பு வழங்கலாம்’ என்று கொண்டுவருவது. உறுப்பினர் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அதில் மாறப்போவது எதுவுமில்லை. ஆறில் இதையே பெருங்குற்றம் என்பேன். மற்ற ஐந்தும் விவரத்தை மறைக்கின்றன; இது வாக்கையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

4. ஒரு பொருள், கிட்டத்தில்

எடுத்துக்காட்டுக்கு நானே ஒரு பொருளை எழுதிக்கொள்கிறேன். ‘பிள்ளையார் கோயில் தெருவில் மழைநீர் வடிகால் அமைத்தல், மதிப்பீடு 48 லட்சம், மன்றத்தின் அனுமதிக்கு.’ நம் ஊர்களில் பெரும்பாலும் இந்த அளவில்தான் குறிப்பு வரும். இதைப் படித்த உறுப்பினருக்கு அந்தத் தெரு மக்களிடம் சொல்ல என்ன கிடைத்தது? தொகை ஒன்றுதான்.

அதே பொருள் எப்படி இருந்திருக்க வேண்டும்? வடிகால் தெருவின் எந்த முனையில் தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர் என்று முதலில் இருக்க வேண்டும். அடுத்தது, தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பது. வடிகாலுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. போய்ச்சேரும் கால்வாயின் அடிமட்டம் புது வடிகாலின் அடிமட்டத்தைவிட உயர்ந்திருந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் எதிர்த்து ஏறித் தெருவுக்கே திரும்பும். இரண்டு மட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் பொறியியல் படிக்காத உறுப்பினரும் இதைக் கண்டுகொள்வார். அவர் கடைக்காரராகவோ தையல்காரராகவோ இருக்கலாம். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பது அவருக்குத் தெரியும்.

மூன்றாவதாக, அந்தத் தெருவில் பூமிக்கடியில் இருப்பது. சென்னையில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தினுடையவை, கேபிள் மின்வாரியத்தினுடையது, மழைநீர் வடிகால் மாநகராட்சியினுடையது. எதை இடம் மாற்ற வேண்டும், யார் செலவில், அவர்களுடைய சம்மதக் கடிதம் வந்துவிட்டதா என்று எழுத வேண்டும். இதை எழுதாததால்தான் வெட்டிய பள்ளம் மாதக்கணக்கில் திறந்து கிடக்கிறது. வீட்டுக்குப் போகப் பலகை போட்டு நடக்கிறார்கள். நான்காவதாக, வண்டல் வடிகட்டித் தொட்டிகள் எத்தனை, அவற்றை ஆண்டுக்கு எத்தனை தடவை யார் தூர்வாருவார்கள், அதற்குப் பணம் எங்கே. ஐந்தாவதாக, வேலை முடிந்ததும் தெருவைத் திரும்பப் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவார்களா, மேலேயே போடுவார்களா. மேலேயே போட்டால் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகும். வடிகால் கட்டிய பலன் அந்தத் தெருவிலேயே பாழாகும்.

இந்த ஐந்தும் ஒரே தாளில் அடங்கும். உதவிப் பொறியாளரின் மேசையில் இவ்வளவும் ஏற்கெனவே இருக்கிறது. இதெல்லாம் இல்லாமல் எஸ்டிமேட்டே போட முடியாது. புதிதாக எதையும் திரட்டத் தேவையில்லை. இருப்பதை நல்ல தமிழில், ஒரு தெருப்படத்தோடு எழுதிக் கொடுத்தால் போதும்.

5. காலம்

விவரம் தெரிவிக்க மூன்று காலங்கள் உண்டு. முதலாவது, எஸ்டிமேட் போடும் முன். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் எந்த வழியாகப் போகிறார்கள் என்று வார்டில் நடமாடும் கவுன்சிலருக்குத் தெரியும். அவரும் பொறியாளரும் சேர்ந்து தெருவில் நடந்து பார்க்க வேண்டிய காலம் இது. இரண்டாவது, வாக்குக்கு முன். மூன்றாவது, வாக்குக்குப் பின். போன கூட்டத்துத் தீர்மானங்களில் எவற்றுக்கு டெண்டர் விட்டாயிற்று, எவற்றுக்கு ஒர்க் ஆர்டர் கொடுத்தாயிற்று, எது ஏன் நிற்கிறது என்ற நடவடிக்கை அறிக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக வர வேண்டும்.

இரண்டாவது காலத்தில்தான் தவறு மிகுதி. கூட்ட அரங்கில் மேசை மேல் வைக்கும் கூடுதல் பொருளைப் படிக்க யாருக்கும் நேரம் இல்லை. இங்கிலாந்தில் 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, கூட்டத்துக்கு ஐந்து முழு நாள்களுக்கு முன் பொருள் நிரலையும் அறிக்கைகளையும் பொதுமக்களே பார்க்கும்படி வைத்தாக வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1953-இல் வந்த பிரவுன் சட்டம், வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிரலை ஒட்டச் சொல்கிறது. நிரலில் இல்லாததைப் பற்றி முடிவெடுக்க, எண்ணிச் சொன்ன சில விலக்குகள் தவிர, வழியில்லை. உறுப்பினர் கோப்பைப் பார்க்கலாமா என்ற வழக்கும் இங்கிலாந்தில் எழுந்தது. பர்மிங்காம் மன்ற உறுப்பினர் ஒருவர் தாம் இடம்பெறாத குழுவின் தத்துக் கோப்பைக் கேட்டார். கடமையைச் செய்ய அது தேவை என்பதால் பார்க்கலாம் என்று பிரபுக்கள் அவை 1983-இல் முடிவு சொன்னது. எல்லாக் கோப்பையும் எல்லாரும் பார்க்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தேவையைக் காட்டினால் கதவைச் சாத்தக் கூடாது என்றது. நம் மன்றங்களுக்கும் ஏற்ற நியாயம் இது.

இங்கே என்ன நடக்கிறது? தன் வார்டுப் பணியின் கோப்பைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும் நிலைக்குக் கவுன்சிலர் தள்ளப்படுகிறார். அந்தச் சட்டப்படி பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. மாதம் ஒருமுறை கூடும் மன்றத்தில், பதில் கையில் கிடைக்கும்போது பொருள் நிறைவேறியிருக்கும்.

வெள்ளம், தொற்றுநோய், இடிந்த பாலம் ஆகியவற்றுக்கு நாள் பார்க்க முடியாது. உடனே செய்யட்டும், பிறகு மன்றத்துக்கு வரட்டும். ஆனால் என்ன அவசரம், ஏன் காத்திருக்க முடியவில்லை என்று அந்தப் பொருளின் முதல் வரியில் எழுத வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவது. அதற்கான தூர்வாரலை அக்டோபரில் அவசரம் என்று கொண்டுவருவதை ஏற்பதற்கில்லை.

6. கை

காகிதம் யார் கையில் போய்ச் சேர வேண்டும்? உறுப்பினர் கையில். சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும் இது, நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கியாயிற்று. அதற்கான சட்டத் திருத்தம் 2016-இல் வந்தது. ஆனால் பல இடங்களில் அஜெண்டா கணவர் கைக்கும் மகன் கைக்கும் போகிறது. பொறியாளர் பேசுவது கணவரின் போனில். அந்த அம்மா மன்றத்தில் பேசவில்லை என்று பிறகு அவரையே குறை சொல்கிறார்கள். காகிதத்தையே கண்ணில் காட்டாமல் பேசு என்றால் எப்படிப் பேசுவார்? கட்டை உறுப்பினரிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அலுவலக அழைப்பு அவர் எண்ணுக்கே போக வேண்டும். கள ஆய்வுக்கு அவரையே கூப்பிட வேண்டும். இடஒதுக்கீடு பொருளோடு நிற்பது இந்த மூன்றில்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்புவது வேகமானது, நல்லது. ஆனால் போனில் நூறு பக்கம் படிக்க முடியாதவருக்கு அச்சுப்பிரதியும் வேண்டும். கண் பார்வை குறைந்தவருக்குப் பெரிய எழுத்தில் வேண்டும். மதிப்பீட்டுச் சுருக்கம் தமிழில் வேண்டும்.

7. மறுப்பும் விடையும்

அலுவலர் தரப்பில் நான்கு மறுப்புகள் சொல்வார்கள். அவற்றை மதித்தே விடை சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே விவரம் சொன்னால் ஒப்பந்ததாரருக்குப் போய்விடும் என்பது முதல் மறுப்பு. ஒப்பந்தப்புள்ளியில் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட விலை, திறக்கும் வரை ரகசியமாக இருக்க வேண்டியதுதான். தெருவின் நீளமும் வடிகாலின் ஆழமும் ரகசியம் அல்ல. 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமே டெண்டரை ஊரறிய அறிவிக்கச் சொல்கிறது.

விவரம் கொடுத்தால் கமிஷன் கேட்பார்கள் என்பது இரண்டாவது. அப்படிக் கேட்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், மறைக்க முடியாது. ஆனால் கமிஷன் பேச்சு நடப்பது இருவர் மட்டும் அறிந்த விவரத்தில். அதே தாள் எல்லா உறுப்பினருக்கும், எதிர்க்கட்சிக்கும், பத்திரிகைக்கும் ஒரே நாளில் போனால் பேரம் பேச இடம் சுருங்கும்.

வேலை தாமதமாகும் என்பது மூன்றாவது. ஐந்து நாள் முன்னதாகப் படித்துக் கேட்கும் ஒரு கேள்வியால் ஐந்து நாள் போகலாம். கேளாமல் விட்ட கேள்வியால் வெட்டிய தெருவை மறுபடி வெட்ட நேர்ந்தால் ஒரு மழைக்காலமே போய்விடும்.

கொடுத்தாலும் படிப்பதில்லை என்பது நான்காவது. இதில் உண்மை உண்டு. இதற்கு விடையை உறுப்பினர்தான் சொல்ல வேண்டும். அடுத்த பகுதி அவருக்கானது.

8. உறுப்பினர் கடமை

படிக்க வேண்டும். எல்லாவற்றையும் படிக்க முடியாவிட்டால் தன் வார்டுப் பொருளையும், பெருந்தொகைப் பொருளையும், பின்னேற்புப் பொருளையும் படிக்க வேண்டும். சென்னை மாநகராட்சியில் நிலைக்குழுக்கள் உண்டு; 15 மண்டலங்களுக்கும் குழு உண்டு. ஒரு பொருளை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் அந்தக் குழுக்களே. 200 பேர் உட்காரும் மாமன்றத்தில் ஒரு வடிகாலின் மட்டத்தைப் பேச நேரம் கிடைக்காது. கேள்வியை எழுத்தில் கொடுக்க வேண்டும், பதிலையும் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டதற்கு வாயால் சொன்ன பதில் மினிட் புத்தகத்தில் ஏறாது.

தெரிந்துகொண்டதை வார்டுக்குச் சொல்லவும் வேண்டும். 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடக்கத் தொடங்கின. கவுன்சிலருக்கே தெரியாதபோது பகுதி சபையில் அவர் எதைச் சொல்வார்? மன்றத்துக்கு வரும் காகிதம் குறையுள்ளதானால் சபையில் வெறும் வரவேற்புரையும் நன்றியுரையும்தான் மிஞ்சும்.

மேயர்களும் நகர்மன்றத் தலைவர்களும் நினைத்தால் இதை அடுத்த மாதக் கூட்டத்திலேயே தொடங்கலாம். ஒவ்வொரு பணிக்கும் ஒரு தாள். அதில் இடம், அளவு, பணம், பிற துறைச் சம்மதம், பராமரிப்பு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ஐந்தில் ஒன்று இல்லாத பொருளை வாசிக்கவே எடுக்கக் கூடாது. பின்னேற்புப் பொருள்களைத் தனித் தலைப்பில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதச் சொல்ல வேண்டும். தலைவர் முன்வராவிட்டால் உறுப்பினரே தொடங்கலாம். ‘பொருளில் போதிய விவரம் இல்லை, ஒத்திவைக்க வேண்டும்’ என்று எழுந்து சொல்லி, அந்த வார்த்தையைத் தன் பெயரோடு மினிட்டில் ஏற்றச் சொல்லலாம். ஒருவர் சொன்னால் தள்ளிவிடுவார்கள். கட்சி பாராமல் பத்துப் பேர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னால், அடுத்த கட்டில் தெருப்பட்டியல் சேர்ந்தே வரும்.